மல்லிகை இருந்த பொட்டலம்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலில் அக்கா என் முன்னால் இரண்டு பொட்டலங்களை வைத்தாள். பேத்தியை வெளியூரில் படிக்கவைக்கலாமா என்று பூக் கட்டிப் பார்க்கிறாள். வெள்ளைப் பூ வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம்.

"நீயே எடு ஏட்டி. அன்னைக்கும் நீதான எடுத்த."

ஒரு பொட்டலத்தில் மல்லிகை மணத்தது.

அன்று எனக்குப் பத்து வயது. மாடு வாங்கக்கூடப் பூக் கட்டிப் பார்க்கிற மனுசன் எங்கள் அப்பா. அக்காவை மதுரைக் கல்லூரிக்கு அனுப்பலாமா என்று கேட்க, ராஜபாளையத்திலிருந்து எங்களை இதே கோவிலுக்குக் கூட்டிவந்தார். வெள்ளைக்கு வைக்கிற நந்தியாவட்டை கிடைக்காமல் மல்லிகையை வைத்துக் கட்டினார். சிவப்புக்கு வைத்த அரளியில் வாசனை இல்லை. மோந்ததுமே எதில் எந்தப் பூ என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா போனால் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் வேலை என் தலையில் விழும். அரளியை எடுத்தேன்.

"சாமி வேண்டாங்குது தாயி" என்றார் அப்பா. அக்கா முப்பது வருடம் நூல் மில்லில் நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று திறந்தேன். "அன்னைக்கு மோந்து பாத்துத்தான்க்கா எடுத்தேன். சாமி ஒண்ணும் சொல்லல."

அக்கா பொட்டலங்களை என் பக்கம் இன்னும் நகர்த்தினாள். "அந்த மூக்கக் குடுத்தது யாருட்டி? எடுக்க வச்சதும் ஆண்டாள்தான்."

இல்லையென்று நிரூபிக்க என்னால் முடியாது. அதை நம்பினால் நான் தப்பித்துவிடலாம். அதனாலேயே நம்ப வெட்கமாக இருந்தது. தண்ணீர் தூக்கச் சோம்பல்பட்டது ஆண்டாள் இல்லை, நான்.

பொட்டலங்களை அவளிடமே தள்ளினேன். "படிக்கப் போறவகிட்ட கேளுக்கா."

அக்கா குனிந்து அவற்றை எடுத்தாள்.

"அன்னைக்கு என்கிட்ட யாருட்டி கேட்டா?"