மாரிக்கனி எடுத்து வைத்த படம்

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி போன் செய்தார். "மாரி போயிட்டாப்ல அண்ணாச்சி. நெஞ்சு வலியாம். போஸ்டர் நீங்கதான் போடணும், நல்ல படமா ஒண்ணு பாருங்க" என்றார். வாயைக் கொப்பளித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் மதியத்துக்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சுவருக்கு வந்தாக வேண்டும். இறந்தவர் அச்சகத்துக்காரர் என்றால் கேட்கவே வேண்டாம்.

சிவகாசியில் பட்டாசு லேபிள் வடிவமைக்கும் அறையில் மாரிக்கனியும் நானும் பல வருடங்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். நான் மூத்தவன். நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதுகிறேன். ஆனால் அவரைத் தெரிந்த உங்களிடம் மறைப்பானேன்? எனக்கு அந்த மனிதர் மேல் பொறாமை. இன்றைக்கும் குறையவில்லை.

தீபாவளி சீசனில் வருகிற கம்பெனியெல்லாம் "போன வருஷ லேபிளே போதும், கலர மட்டும் மாத்துங்க" என்றுதான் வரும். என் கம்ப்யூட்டரில் மயில் லேபிளைத் தேடினால் 'ஃபைனல்' இருக்கும், 'ஃபைனல் புதுசு' இருக்கும், 'ஓனர் ஓகே' இருக்கும், 'ஓனர் ஓகே இதுதான்' இருக்கும். எதை ஓகே செய்தார் என்று அந்த ஓனருக்கே தெரியாது. வெம்பக்கோட்டைக்காரர் ஒருவர் என் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "நீங்க மெதுவாத் தேடுங்க அண்ணாச்சி, நா மாரியக் கேட்டுக்கிடுதேன்" என்று அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். வந்த டீ ஆறுவதற்குள் மாரி அந்த மயிலை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அவர் கோப்புகளை வைத்திருந்த முறையே வேறு. வீட்டுப் படங்கள், மகள் சின்ன வயதில் கிறுக்கியவை, அம்மாவின் குரல், வரைந்த லேபிள்கள் எல்லாம் ஒரே கிடங்கில். அந்தக் கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருள் வைத்திருந்தார். அது கோப்பின் பெயரைப் பார்க்காது. உள்ளே இருப்பதைக் கணக்கிட்டு, அதற்கு நீளமாக ஒரு முகவரி கொடுக்கும். ஒரு புள்ளி மாறினாலும் முகவரி வேறு. அதே கோப்பை வேறு பெயரில் மறுபடி கொடுத்தால், ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லிவிடும். பெயர்களை அதன்மேல் எத்தனை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். புரியவில்லை என்றேன். "சிவகாசிக்காரருக்கா புரியல? ஒரே வெடி நாலு கம்பெனி லேபிள்ல போகுது. நா லேபிள நம்பல அண்ணாச்சி, உள்ள இருக்க மருந்தப் பாக்கேன்" என்றார்.

மல்லாங்கிணற்றில் மைத்துனர் வீட்டில் வேறு இன்னொரு பிரதி வைத்திருந்தார். "ஒங்களுக்கும் போட்டுத் தாரேன்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்குப் போய் இவர் போட்டுத் தருவதாவது! என் ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் கடகடவென்று சத்தம் போட்டுச் செத்தது. பேரன் தவழ்ந்த படம் முதற்கொண்டு எல்லாம் போயிற்று. பென் டிரைவில் கிடந்த ஒரே படம் தப்பியது. ஆனைக்குட்டம் அணையில் மாரியும் நானும் நிற்கிற படம், என் மருமகன் எடுத்தது. இருவருமே அதில் ஆள் எடுப்பாக இருப்போம். மாரியிடம் இல்லாதது ஒன்றாவது நம்மிடம் இருக்கட்டும் என்று அதை அவருக்குக் காட்டவே இல்லை.

துக்க வீட்டுக்கு அந்தப் பென் டிரைவோடுதான் போனேன். என்னை வெட்டிவிட்டு மாரியை மட்டும் எடுத்தால் போஸ்டருக்குப் பிரமாதமாக இருக்கும். இந்த ஒரு காரியத்திலாவது நான் கொடுத்தது நிற்க வேண்டும் என்று ஆசை. இழவு வீட்டில் இப்படி ஓர் ஆசையா என்று கேட்காதீர்கள், இருந்தது.

மாரியின் மகள் கவிதா அழுத கண்ணோடு லேப்டாப்பைத் திறந்தாள். "அப்பா படம் எம்புட்டு வேணும்னாலும் இருக்கு பெரியப்பா" என்று எதையோ தட்டினாள். வரிசையாக வந்து நின்றன. நான் போனால் என் வீட்டில் யாருடைய கல்யாண குரூப் போட்டோவிலிருந்தோ என் தலையைத்தான் வெட்டி எடுப்பார்கள். "இந்தப் படம் ஒங்கப்பாகிட்ட இருக்காதும்மா" என்று பென் டிரைவை நீட்டினேன்.

அவள் அதை உள்ளே கொடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இருக்கு பெரியப்பா. ஏற்கெனவே இருக்கு."

தேதியைப் பார்த்தால், படம் எடுத்த அன்றைக்கே என் மருமகனிடம் மாரி வாங்கியிருக்கிறார்.

"என்ன பேரு போட்டிருக்காப்ல?"

அவள் தயங்கி, திரையை என் பக்கம் திருப்பினாள். மூன்று பெயர்கள் இருந்தன. ஆனைக்குட்டம். அண்ணாச்சி. அடுத்தது: 'அண்ணாச்சி போஸ்டருக்கு. என்னைய வெட்டிட்டுப் போடவும்.'

"தப்பா எடுத்துக்கிடாதீக பெரியப்பா."

"எல்லாருக்கும் இப்படி எடுத்து வச்சிருக்காப்லயா?"

தேடிப் பார்த்தாள். "இல்ல. ஒங்களுக்கு மட்டுந்தான்."

அங்கேயே உட்கார்ந்து என்னை வெட்டினேன். மாரியின் தோளருகே லேசாக ஒரு சட்டை நுனி தெரிகிறதே என்று சிலர் கேட்டீர்கள். அது நான்தான்.

வெட்டிய படம் வேறு படமல்லவா? கவிதா அதைக் கிடங்கில் போட்டபோது மென்பொருள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. மாரியிடம் இல்லாத ஒன்றைக் கொடுத்துவிட்டேன், அதை அவரிடம் சொல்லிக்காட்ட முடியவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பொறாமையும், எனக்கென்று அவர் எடுத்து வைத்த படமும்தான். என் போஸ்டருக்கு எல்லாம் தயார். போடத்தான் மாரி இல்லை.