கொலைகாரன் பிடிபடாத கதை

சேதுபதி எந்தக் கதையையும் கடைசியிலிருந்துதான் தொடங்குவார். பழைய சினிமா நோட்டீசைத் திருப்பிப் போட்டு, பென்சிலைப் பிளேடால் ஊசிபோலச் சீவி, கொலைகாரன் பிடிபடும் அத்தியாயத்தை முதலில் எழுதுவார். அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் முதல் பிணம் விழும்.

ஜப்பான்காரன் ஊரைப் பிடிக்குமுன் அவருடைய துப்பறியும் நாவல்கள் அச்சில் வந்துகொண்டிருந்தன. ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயில் வாசலில் திருவிழாவுக்குத் திருவிழா விற்றுத் தீரும். இப்போது தாளும் இல்லை, அச்சகமும் இல்லை. அவர் குடியிருந்த காஜா பேராங்கில் ஒரே ஒரு கைப்பிரதி வீடு வீடாகப் போய்க் கசங்கித் திரும்பும்.

நாற்பத்து மூன்றில், சயாம் காட்டில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். முதல் லாரியில் ஏறியவர்களைப் பற்றித் தகவலே இல்லை. அந்த வட்டாரத்தில் யாரை ஏற்றுவது என்று ஜப்பான்காரனுக்குச் சொல்பவர், கணக்கெழுதும் கிராணி கலியாணசுந்தரம். ஒரு மாலை அவர் சேதுபதியின் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

“அடுத்த அத்தியாயம் எங்கய்யா? டாக்டர்தானே கொன்னான்?”

“இப்பவே சொல்லிட்டா ருசி போயிடுங்க.”

“சரி, கதை முடியட்டும். அப்புறம் சயாமப் பத்திப் பேசிக்கலாம்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்றிலிருந்து கதையை முடிக்கச் சேதுபதிக்குத் துணிவில்லை. டாக்டர் செத்தார். சமையல்காரன் செத்தான். உஜோங் பாசிர் கடலோரம் ஒரு பெட்டி ஒதுங்கியது, அதற்குள் வக்கீல்.

மரவள்ளிக்கிழங்கை உரித்தபடி மனைவி பாக்கியலட்சுமி கேட்டாள்: “ஏங்க, சந்தேகப்பட ஆள் மிச்சமிருக்கா?”

“துப்பறியிறவன் மட்டுந்தான் பாக்கி.”

“அவனுக்கு ஒரு தம்பி இருக்கட்டுமே. ரெட்டப் பிள்ளைன்னு வச்சிடுங்க.”

வைத்தார். கிராணி தொடையைத் தட்டி ரசித்தார். லாரி வந்தது, போனது, மறுபடி வந்தது. சேதுபதி வீட்டு முன்னால் நிற்கவேயில்லை.

சண்டை முடிந்ததும் கிராணி சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விட்டார். சேதுபதி திரும்ப அச்சுக்கு வந்தார். புத்தகங்கள் முன்னைவிட நன்றாகவே விற்றன.

லாரிக்கு ஆள் கணக்குக் குறையவே கூடாதாம். சேதுபதிக்கு அது வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. அவருடைய இடத்தில் ஏற்றப்பட்டவர், பக்கத்துச் செமாபோக்கில் மாட்டுவண்டி ஓட்டிய கருணாகரன். எழுதப் படிக்கத் தெரியாதவர். அப்படி ஒரு கதை ஓடிக்கொண்டிருந்ததே அவருக்குத் தெரியாது.