செல்லம்மாக்காவின் மண்மேடு

சுரங்க வேலை என்றதும் தலையில் விளக்கோடு பூமிக்குள் இறங்குகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கொல்லிமலையில் அலுமினியம் எடுக்கிற பாக்சைட் கல் மேலாகவே கிடைக்கும். மேல்மண்ணைச் சுரண்டி ஓரமாகக் குவித்துவிட்டு, கல்லை வெட்டி லாரியில் ஏற்றி, குழியை மூடி, அதே மண்ணை மேலே பரப்பி நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு நான் சூப்பர்வைசர். கம்பெனிக்கும் ஊருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

அலுமினியத்தின் பெருமை

ஆலத்தூர் நாடு என்கிற மலையூர்ப் பகுதியில் செல்லம்மாக்காவுக்கு இருந்த நிலம் ஒரே ஒரு சாமைக் காடு. அதைக் குத்தகைக்குக் கேட்கப் போனவன், ரயில், விமானம், நாட்டு முன்னேற்றம் என்று அலுமினியத்தின் பெருமையை அளந்தேன். அக்கா முழுதும் கேட்டார். "ஊட்டுல அலுமினியச் சட்டி ஒண்ணு கெடக்குதுங்க, களி கிண்டுனா அடிப்பிடிக்குது" என்றார்.

கடைசியில் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "கல்லு உங்களுக்கு, மண்ணு எனக்கு. அடுத்த காட்டு மண்ணைக் கொட்டிப்புட்டு இதுதான்னு சொல்லப்படாது, சாமி."

பூசணிக் காவல்

அக்காவுடையதோடு சேர்த்துக் குத்தகைக்கு எடுத்த மூன்று காட்டு மண்ணும் பக்கத்தில் பக்கத்தில் குவிந்து கிடந்தது. எது யார் மண் என்று போர்டு நட்டு வைத்தேன். அக்காவுக்கு அது போதவில்லை. மழை விழுந்ததும் அவர் மண்மேட்டில் மட்டும் பூசணிக் கொடி ஓடிக் காய்த்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மேலதிகாரி வர வேண்டுமா? சுரங்கத்துக்குள் விவசாயமா என்று முறைத்தார். மழையில் மண் கரையாமல் கொடி பிடித்துக்கொள்ளும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது உண்மையும்கூட என்பதால் தப்பித்தேன். பெரிய காயாக ஒன்றை அதிகாரியின் ஜீப்பில் வைத்துவிட்டு அக்கா சொன்னார்: "அவரு மொகத்தப் பாத்தா பசியாட்டத் தெரியுதுங்க."

மாணிக்கத்தின் யோசனை

குழி மூடும்போது, பொக்லைன் ஓட்டும் மாணிக்கம் கைக்கு எட்டிய மேட்டிலிருந்து மண்ணை அள்ளி, அக்கா காட்டை ஒட்டிய கீழ்க்காட்டில் கொட்டிக்கொண்டிருந்தார். அக்கா மெஷினுக்கு முன்னால் போய் நின்றார். கத்தவில்லை. கீழ்க்காட்டு மண்ணில் பாதி புதைந்து கிடந்த பூசணிக் கொடியைக் காட்டினார், அவ்வளவுதான்.

மாணிக்கம் நல்ல மனுஷன். கொடி கிடந்த மண்ணையெல்லாம் திரும்ப அள்ளி அக்கா காட்டில் சேர்த்துவிட்டு இறங்கி வந்தார். "எல்லா மேட்டுலயும் பூசணி போடச் சொல்லுங்க சார். போர்டெல்லாம் நான் படிக்கறதில்லீங்க."

சாமை

நிலத்தைக் கொடுத்தாயிற்று. முளைக்குமா? அக்காவுக்கு வேறு காடு கிடையாது. சோளக்காடு சந்தையில் அன்னாசி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அக்கா காட்டில் போய் நின்றேன். மெஷின் ஏறி இறுகிய மூலை மட்டும் சொட்டையாக இருந்தது. மற்றதெல்லாம் பச்சை, நடுநடுவே பூசணியும். அப்படி ஒரு நிம்மதி எனக்கு வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வந்ததில்லை.

கல்லை எடுத்ததால் காடு பள்ளமாகிவிட்டதே என்று இழுத்தேன். அக்கா பக்கத்தில் வந்து, சுரங்கத்துக்குக் கொடுக்க மறுத்த மேல்காட்டைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தினார். "அவங்க காட்டு மழைத்தண்ணியெல்லாம் இப்ப நம்ம காட்டுலதானுங்க வந்து நிக்குது. அவங்ககிட்டச் சொல்லிப்புடாதீங்க, சாமி."

மலையிலிருந்து லாரி லாரியாகக் கல்லை இறக்கிய என் சர்வீஸில், வாங்கியதை வாங்கியபடி திருப்பிக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு மேடு மண் இருக்கிறது, அதையும் காத்தது பூசணிக்கொடி.