கராஜில் உருக்கிய காரீயம்

ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கிய வருடம் துப்பாக்கி சுடப் பழகினேன். அடுத்த வருடமே குண்டுகளை நானே வார்க்கத் தொடங்கிவிட்டேன். டயர் கடையிலிருந்து, சக்கரத்தில் எடைக்காகப் பொருத்தும் பழைய காரீயத் துண்டுகளை வாங்கிவந்து, கராஜில் மின்சாரச் சட்டியில் உருக்கி அச்சில் ஊற்றுவேன். ஆறிய குண்டுகளை வண்ணப் பொடியோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் குலுக்கினால் பொடி அப்படியே ஒட்டிக்கொள்ளும். பழைய டோஸ்டர் ஓவனில் சுட்டெடுத்தால் மயில் நீலத்தில் பளபளக்கும். பவுடர் கோட்டிங் என்பார்கள். எனக்கு அந்த நீலத்தின் மேல் பைத்தியம்.

மனைவி ஒருமுறை கேட்டாள். "இது lead தானே? பாப்பா இருக்கற வீடு."

"அதான் கோட்டிங் இருக்குல்ல, உள்ள இருக்கறது வெளிய வராது. நான் கடையில குண்டு வாங்கி பெயின்ட் மட்டும்தான் அடிக்கறேன்."

வாங்குகிறேன் என்றது பொய். அவள் ஆபீஸ் போவாள், எனக்கு வீட்டிலிருந்தே வேலை. உருக்குவதெல்லாம் மதியத்தில். கையுறை போட்டதில்லை. கையை டி-ஷர்ட்டில் துடைத்துக்கொண்டு, கராஜில் நிற்கும் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு மகளைக் கூட்டிவரப் போவேன்.

மகளுக்கு அப்போது இரண்டு வயது. பகல் முழுக்க மூன்று தெரு தள்ளியிருந்த ஆன்ட்டி வீட்டில் இருப்பாள். மதுரைப் பக்கத்துக்காரர், கணவர் இல்லை. ஐந்து தமிழ்க் குழந்தைகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். குளித்ததும் எல்லாக் குழந்தைக்கும் மை வைத்துவிடுவார்.

இரண்டு வயது செக்கப்பில் மகளின் ரத்தத்தில் காரீயம் அதிகம் என்று வந்தது. இந்தியக் குடும்பங்களில் கண் மை, மஞ்சள், குங்குமம் மூலமாக வருவதுண்டு என்றார் டாக்டர்.

"ஆன்ட்டி!" என்றாள் மனைவி.

வீட்டில் யாராவது காரீயத்தை வைத்து வேலை செய்கிறார்களா என்றும் டாக்டர் கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. இல்லை என்றேன்.

மற்ற பெற்றோர்கள் இருந்த வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி போட்டது நான்தான். மனைவியால் அழுகையில் டைப் பண்ண முடியவில்லை. யாரையும் குறை சொல்லாத தொனியில், நல்ல ஆங்கிலத்தில், மையைப் பற்றி எழுதினேன். அந்த வாரமே ஐந்து குழந்தைகளும் ஆன்ட்டி வீட்டுக்குப் போவது நின்றுவிட்டது.

ஆன்ட்டி மை டப்பாவோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"தம்பி, இது கடையில வாங்குனதில்ல. விளக்குப் புகையில நானே எடுத்தது. இதுல எப்படிப்பா ஈயம் வரும்?"

"டாக்டரே சொல்லிட்டாங்க ஆன்ட்டி."

"நீங்க டெஸ்ட் பண்ணிப் பாருங்க." டப்பாவை என் கையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை ஒரு டிராயரில் போட்டு மூடினேன்.

அதன்பின் மகள் பகலில் என்னோடு இருந்தாள். அவள் தூங்கும் நேரத்தில் நான் உருக்கினேன். ஆம், அப்போதும். நிறுத்தினால் ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று தோன்றியது. மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்ட்டில் காரீயம் இன்னும் ஏறியிருந்தது.

இம்முறை கவுன்டி சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்தார். மனைவி டிராயரைத் துழாவி மை டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். காரீயம் பட்டால் சிவக்கும் பஞ்சுக் குச்சியால் நர்ஸ் அதைத் தேய்த்தார். நிறம் மாறவில்லை. பிறகு கராஜைப் பார்க்கலாமா என்றார். சட்டி, அச்சுகள், ஓவன், ஒரு வாளி நிறையக் காரீயம். அவர் அவற்றைத் தொடவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் நின்ற ஸ்ட்ரோலரின் கைப்பிடியில் குச்சியைத் தேய்த்தார். உடனே சிவந்தது. மகள் பல் முளைத்த நாளிலிருந்து கடித்துக்கொண்டிருந்த முன்கம்பியில் தேய்த்தார். அதுவும் சிவந்தது.

நர்ஸ் போனபின் மனைவி கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியும், இல்ல?"

நான் கராஜ் கதவை இறக்கினேன்.

"ஆன்ட்டி வீட்டுக்குப் போங்க. இப்பவே. நடந்தே போங்க."

ஆன்ட்டி வீட்டு ஹாலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. வீட்டைக் காலி செய்துகொண்டு கலிஃபோர்னியாவில் இருக்கும் மகனிடம் போகிறாராம். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூணு மாசமா என் விரலப் பார்த்துப் பார்த்து அழுதேன் தம்பி. நாமதான் புள்ளைக்கு விஷத்த வச்சுட்டோமோன்னு. ஒரு நாள் அடுப்புல வச்சு சுட்டுக்கக்கூடப் பார்த்தேன்."

வலது கையைத் திருப்பிக் காட்டினார். ஆள்காட்டி விரல் நுனியில் தோல் வழுவழுவென்று வெளுத்திருந்தது.

"மன்னிச்சிடுங்க ஆன்ட்டி."

"பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"குறையும்னு சொல்றாங்க."

"சரி" என்று கதவைச் சாத்தினார்.

குரூப்பில், காரணம் மை அல்ல என்று ஒரு வரி போட்டேன். காரணம் எது என்று எழுதவில்லை. மனைவி அதைப் படித்துவிட்டு, என் போனை வாங்கி, மீதியை அவளே எழுதினாள். அதற்கு யாரும் பதில் போடவில்லை.

மகளின் ரத்தத்தில் காரீயம் மெல்லக் குறைந்தது. ஆனால் மற்ற குழந்தைகளைவிடப் பேச்சு தாமதமாகத்தான் வந்தது. அதனால்தானா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. பேச ஆரம்பித்ததும், காரில் அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம், "வேர் இஸ் ஆன்ட்டி?" என்று கேட்பாள்.

"அப்பாவக் கேளு" என்பாள் மனைவி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொல்வேன்.