மூக்கன் பாஸும் திருநீறு பூசிய சம்பும்

டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், இயந்திரங்களைக் கீழேயிருந்து பார்த்துப் பார்த்தே ஐம்பத்தெட்டு வயதைத் தொட்டுவிட்ட ஒரு மனிதர் இருக்கிறார். பெயர் மூக்கன். தேயிலை ஃபெக்டரியில் பிட்டர் வேலை. மேசனோ ஆசாரியோ பிட்டரோ, கைவேலை தெரிந்த ஆளை மலையகத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் அவர் ஊருக்கெல்லாம் மூக்கன் பாஸ்.

ஃபெக்டரியில் வேலை இல்லாத நாட்களில் அவரைத் தேடி மண் தள்ளும் டோசர்க்காரர்களும் மண் தோண்டும் பெக்கோக்காரர்களும் வருவார்கள். வலப்பனையிலிருந்துகூட வருவார்கள். என்ஜினுக்குக் கீழே ஆயிலைத் தாங்கிக்கொண்டு ஒரு இரும்புத் தொட்டி இருக்கிறதே, சம்ப், அதில்தான் அவர் கெட்டிக்காரர். என்ஜினைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. சம்பைப் பற்றிப் பேச நாதி கிடையாது. சோற்றுப் பானையை யார் புகழ்கிறார்கள்? ஓட்டை விழுந்து சோறு அடுப்பில் ஒழுகினால்தான் பானை என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும்.

ஒரு சாக்கை விரித்து, இயந்திரத்தின் வயிற்றுக்கடியில் மல்லாந்து படுத்துவிட்டால் அவருக்குப் பசி தெரியாது. போல்ட்டுகளை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித்தான் முடுக்குவார். ஓரத்திலிருந்து தொடங்கினால் சம்ப் கோணிக்கொள்ளும் என்பது அவர் வேதம். இந்த வேலையால் வந்த குறை ஒன்றே ஒன்று. உள்ளங்கை வெடிப்புகளுக்குள் கறுப்பு ஆயில் குடியேறிவிட்டது. சவர்க்காரம், மண்ணெண்ணெய், எலுமிச்சை எதற்கும் அது அசையாது. மகள் சர்மிளாவுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாளாகியும் அவர் பேத்தியைத் தூக்கவில்லை. மனைவி மீனம்மா நீட்டும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பதோடு சரி.

அந்தக் கார்த்திகையில் மழை இரண்டு வாரம் விடாமல் கொட்டியது. பிறகு நாலைந்து நாள் வெறித்தது. அப்போதுதான் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே தேயிலைக்குள் மண் பிளந்திருப்பதைக் கொழுந்து எடுக்கப் போன பெண்கள் கண்டார்கள். அது பன்னிரண்டு காம்பரா உள்ள ஒற்றை வரிசை லயம், காம்பராவுக்கு ஒரு குடும்பம். அளந்து பார்க்க நகரத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பிளவை ஒட்டியிருந்த கற்களில் சிவப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டே போனார். முதல் காம்பராவுக்கு மேலே தொடங்கிய பிளவு எட்டாவதுக்கு மேலே முடிந்தது. எட்டுக் குடும்பமும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை இப்போதைக்கு இருக்கலாம், வெள்ளிக்கிழமை பெருமழை என்கிறார்கள், அதற்குள் பிளவுக்கு மேலே ஒரு கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குக் கண்ணில் பட்டதை அவர் சரியாகத்தான் குறித்தார்.

மூன்றாவது காம்பராக்காரரான மூக்கன் பாஸ் மீனம்மாவோடு பள்ளிக்கூடத்துக்குப் போனார். பதினோராவது காம்பராவில் இருந்த சர்மிளா வரவில்லை. கணவனுக்குக் கொழும்பில் வேலை. பச்சைக்குழந்தையை ஈரத் தரையிலும் ஊர்ப்பட்ட இருமலிலும் கொண்டுபோய்ப் போடுவதா என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

கான் வெட்டுவதற்குக் கினிகத்தேனையிலிருந்து சுதாகரன் ஒரு டோசரைக் கொண்டுவந்தான். அவனைவிட இருபது வயது மூத்த டோசர். அடிவயிற்றுக் காப்புத்தகடு எந்தக் காலத்திலோ கழன்று விழுந்திருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட ஒரு தேயிலைச் செடியின் அடிக்கட்டை அந்த வயிற்றில் குத்தியது. நூறு வருஷம் கவாத்து வாங்கி வாங்கி இறுகிப்போன கட்டை அது. சம்ப் வெடித்து ஆயில் முழுவதும் மண்ணில் ஓடியது. சுதாகரன் அந்த நொடியே என்ஜினை நிறுத்தினான், புண்ணியவான். இல்லாவிட்டால் என்ஜினும் சேர்ந்து போயிருக்கும்.

சொல்லி அனுப்ப வேண்டிய அவசியமே இல்லாமல் மூக்கன் பாஸ் சாக்கோடு வந்துவிட்டார். சம்பைக் கழற்றி, கழுவி, நாலு விரல் நீளத்துக்குத் தெரிந்த வெடிப்பைப் பார்த்தார். வார்ப்பிரும்பு வெடித்தால் முதலில் மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, கரும்பலகைச் சோக்கைத் தூளாக்கித் தூவ வேண்டும். மயிரிழை வெடிப்புக்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் மெல்லக் கசிந்து வந்து தூளில் கோடு போடும். அந்தக் கோடு முடிகிற இடத்தில் சின்ன ஓட்டை ஒன்று போட்டுவிட்டால் வெடிப்பு அதைத் தாண்டி ஓடாது. அதற்குப் பிறகுதான் வெல்டிங் ஒட்டு. இதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பள்ளிக்கூடக் கூரை ஒழுகி சோக்குப்பெட்டி கூழாகிக் கிடந்தது. வெள்ளிக்கிழமையோ வாசலில் நின்றது. கண்ணுக்குத்தான் தெரிகிறதே என்று, கண்ணை நம்பி, வெடிப்பின் நுனியில் ஓட்டையைப் போட்டு ஒட்டி மாட்டிவிட்டார்.

புதன்கிழமை டோசர் அரை மணி நேரம் ஓடியது. பிறகு சொட்டியது. பிறகு ஒழுகியது. பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற மனிதர், தன் பதற்றத்தால் ஒரு முழு நாளைத் தொலைத்துவிட்டு டோசருக்கடியிலேயே படுத்துக் கிடந்தார். சுதாகரன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வியாழன் காலை அவர் போன இடத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். மாரியம்மன் கோயிலுக்குப் போனார். பத்து வருஷத்துக்கு முன்னால் சாமி ஊர்வலத்தில் ஜெனரேட்டர் நின்றுபோனதற்குக் கோயில் கமிட்டி அவரைப் பழி சொன்னதிலிருந்து, அந்த வாசலை மிதிக்காதவர் அவர். பூசாரி அழகனிடம் போய், நன்றாகச் சலித்த திருநீறு ஒரு டின் வேண்டும் என்றார். டொலமைட் சுண்ணாம்பு தோட்டத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்தாலும் அது நறநறப்பு, மயிரிழைக்கு ஆகாது என்பது அவர் கணக்கு. அழகனுக்கு அது எங்கே தெரியும்? பாஸுக்கு ஆத்தாள் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று நினைத்து அவரே டின்னைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். செய்தி பரவிக் கூட்டமும் கூடியது. மண்ணெண்ணெயில் குளித்துத் துடைத்துக் கிடந்த சம்ப் மீது மூக்கன் பாஸ் திருநீற்றைப் பூசப் பூச, இரண்டு பெண்கள் குலவையிட்டார்கள். அழகன் ஒரு தேங்காயையும் உடைத்துவிட்டார்.

பாஸ் யாரையும் தடுக்கவில்லை. குந்தி உட்கார்ந்து சம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வெளேரென்று கிடந்த இரும்பில், ஒட்டுப் போட்ட இடத்துக்கு அப்பால், ஒன்றுமே இல்லாத இடத்தில், கறுப்பாக ஒரு புள்ளி வந்தது. அது நீண்டது. யாரோ உள்ளேயிருந்து பென்சிலால் எழுதுவதுபோல, வளைந்து, தயங்கி, மறுபடி ஓடி, முக்கால் சாண் தூரம் போய் நின்றது. குலவை நின்றுவிட்டது. அழகன் தேங்காய் மூடியைக் கையில் வைத்தபடியே இருந்தார். இதே காட்சியை எத்தனையோ முறை பார்த்த மூக்கன் பாஸுக்கும் மயிர் சிலிர்த்தது. கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவைக்க ஒரு பிடி சாம்பல் போதும் என்பது என்ன சின்ன விஷயமா?

கோட்டின் நுனியில் ஓட்டை போட்டார். ஃபெக்டரிப் போறணையில் சம்பைச் சூடாக்கி ஒட்டினார். சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவைத்தார். பின்னேரம் மாட்டி முடித்து எழுந்தபோது எதிரே மலை தெரிந்தது. சிவப்புப் பெயின்ட் அடித்த கடைசிக் கல்லும் தெரிந்தது. பிளவு முடிகிற இடம். நாலு விரல் என்று நம்பி ஒட்டியது முக்கால் சாண் ஓடியிருந்ததே, இது மட்டும் அங்கேதான் முடிகிறதா என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் கல்லிலிருந்து நாற்பது அடி தள்ளி, கீழே பதினோராவது காம்பராவில் கொடியில் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

நேரே போய் மகளைக் கிளம்பச் சொன்னார். அவளுக்குக் கோபம் வந்தது.

"அளக்குற ஐயா மெஷின் வச்சுப் பாத்துட்டு இருக்கலாமுன்னு சொல்லிட்டுப் போயிருக்காருப்பா. நீங்க சம்பு பாக்குறவரு. மலயப் பத்தி ஒங்களுக்கு என்னா தெரியும்?"

 திரும்பி நடந்தவர் தோட்டத்து ஸ்டோரிலிருந்து டொலமைட் ஒரு மூட்டை கேட்டு வாங்கித் தோளில் தூக்கிவந்தார். இரும்புக்குத்தான் அது நறநறப்பு, மண்ணுக்குப் போதும். கடைசிச் சிவப்புக் கல்லிலிருந்து பன்னிரண்டாவது காம்பரா வரைக்கும் தேயிலைக்கு நடுவே சருகைக் கூட்டித் தள்ளினார். கூடவே வந்த மீனம்மா, மா அரிக்கிற அரிதட்டை எடுத்துவந்து, அவர் கூட்டிய வழியெல்லாம் வெள்ளைத் தூளை அரித்துக்கொண்டே போனாள். இருட்டுவதற்குள் மலையின் இடுப்பில் முழங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை பனி விலகியதும் மூக்கன் பாஸ் ஏறிப்போனார். பட்டையின் மேல் கோடு இருந்தது. நூல் அகலம்கூட இல்லாத, ஈரமான, கறுத்த கோடு. சிவப்புக் கல்லில் தொடங்கி ஒன்பதைத் தாண்டி, பத்தைத் தாண்டி, பன்னிரண்டாவது காம்பராவின் பின்சுவருக்கு நேராகக் கீழே வளைந்து இறங்கியது. முந்தின நாள் இரும்பில் எழுதிய அதே கை மலையில் எழுதியிருந்தது.  இத்தனை பெரிய மலையும் ஒரு வார்ப்பிரும்புச் சம்பைப் போலவே வெடிக்கும் என்று அவர் ஐம்பத்தெட்டு வருஷத்தில் ஒருநாளும் நினைத்ததில்லை. மனதுக்குள் பயம் இருந்தது உண்மை. அதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. கும்பிட வேண்டும்போல இருந்தது.

சர்மிளா குழந்தையோடு ஏறிவந்து பார்த்தாள். 

"இரும்புன்னா முடியிற எடத்துல ஒரு ஓட்ட போட்டு நிறுத்திருவேன் பாப்பா," என்றார் மூக்கன் பாஸ். "மலைக்கு நான் எங்க ஓட்ட போடுவேன்?"

அவள் இறங்கிப்போய் மூட்டை கட்டினாள். அதிகாரிக்கு ஃபோன் போட்டு, கோட்டைப் படம் எடுத்தும் அனுப்பினார்கள். அவர் உடனே மிச்ச நாலு குடும்பத்தையும் வெளியேறச் சொல்லிவிட்டார். மத்தியானத்துக்குள் லயம் காலி. மேலே சுதாகரன் டோசரை ஓட்டிக்கொண்டிருந்தான். பாஸ் மணிக்கு ஒருமுறை போய்க் குனிந்து பார்த்தார். சம்பில் ஒரு சொட்டு இல்லை. சிவப்புக் கற்கள் இருந்த வரைக்கும் கான் வெட்டி முடிந்தது. அதற்கு அப்பால் வெட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை காலை, ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கிற நேரத்தில், பள்ளிக்கூடத் தரை அதிர்ந்தது. சத்தம் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. கான் வெட்டிய பக்கம் மலை அப்படியே நின்றது. ஆபத்து என்று குறித்த எட்டுக் காம்பராவும் நின்றன. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு நாலும் இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும் வேரோடு புரண்ட தேயிலையும் கிடந்தன. மூக்கன் பாஸ் தூரத்தில் நின்றே பார்த்தார். அறுந்து நின்ற மலையின் விளிம்பில் இன்னும் கொஞ்சம் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. கோடு ஓடிய வழியே மலை பிரிந்திருந்தது, ஒரு சாண்கூட விலகவில்லை.

திரும்பி வந்து பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்தார்.  சர்மிளா உள்ளேயிருந்து வந்தாள். குழந்தையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டப் போனார்.

"தூக்குங்கப்பா," என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

இரண்டு கையையும் விரித்து வாங்கிக்கொண்டார். குழந்தையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் அவர் உள்ளங்கை வெடிப்புகள் கறுப்புக் கறுப்பாகக் கோடு போட்டன. சர்மிளா அந்தத் துணியை இன்னும் துவைக்கவில்லை.