சாரத்தில் புகைந்த கயிறு

நான் பயந்தாங்கொள்ளி. அதை ஒருநாளும் மறைத்ததில்லை. அடுப்பில் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுத்தாலும் மறுபடி எழுந்து போய்ச் சாம்பலைத் தொட்டுப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள்.

இராயபுரத்துக்கு வடக்கே, கிருஷ்ணாயில் டின்களை அடுக்கி வைக்கிற ஒரு டிப்போவுக்குள் புதிதாகப் பெரிய கிடங்கு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய கிடங்கின் சுவரை ஒட்டியே புதுச்சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் சுண்ணாம்பும் செங்கல்லும், அந்தப் பக்கம் மண்ணெண்ணெய். அதனால் வேலைக்கு வருகிற யாரும் தீப்பெட்டியோடு உள்ளே நுழையக்கூடாது என்று உத்தரவு. ஆண்களைத் தடவிப் பார்க்கக் கேட்டில் ஒரு காவல்காரர் இருந்தார். பெண்களை அவர் தொட முடியாதே, அதற்காக என்னை வைத்தார்கள்.

அந்த வட்டாரத்தில் அதைவிடப் பொல்லாப்பான உத்தியோகம் இருந்திருக்காது. கல் சுமக்கிற சித்தாள் பெண்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். நான் அவர்கள் மடியை அவிழ்க்கச் சொல்ல வேண்டும், சுருக்குப் பையை உதறச் சொல்ல வேண்டும். வயதான ஒருத்தி சுருட்டையும் தீக்குச்சியையும் கொண்டைக்குள் சொருகிக்கொண்டு வருவாள். கொண்டையை அவிழ்த்தால் என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவாள். நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். திட்டினால் உடம்பில் ஒட்டவா போகிறது? என் பயமெல்லாம் வேறு.

என் வீட்டுக்காரர் அதே கட்டடத்தில் சாரம் கட்டுகிறவர். சவுக்குக் கழிகளை நட்டு, குறுக்கே கழி வைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். மேலே பலகை போட்டால் கொத்தனாரும் சித்தாளும் அதில் நின்று வேலை செய்வார்கள். ஒரு ஆணி கிடையாது. அத்தனை பேர் உயிரும் அந்தக் கயிற்றுக் கட்டுகளில்தான் இருந்தது. அவர் போட்ட கட்டு அவிழாது என்று எல்லாரும் சொல்வார்கள். அவிழாது, சரி. எரிந்தால்? இதை நான் ஒருமுறை கேட்டபோது, சாப்பிடுகிற நேரத்தில் வாயைக் கழுவு என்றார்.

முதலில் ஆட்கள் பீடி பிடிக்க வெளியே ஓடினார்கள். எதிரே ஒரு பொட்டிக்கடை. கடைக் கம்பத்தில் நார்க் கயிறு ஒன்று தொங்கும். அதன் நுனி காலையிலிருந்து சாயங்காலம் வரை கனன்றுகொண்டே இருக்கும். பீடியை அதில் வைத்து உறிஞ்சினால் பற்றிக்கொள்ளும், குச்சிச் செலவில்லை. ஆள் போவதும் வருவதுமாக வேலை கெடுகிறது என்று ஓவர்சியர் அதையும் நிறுத்தினார். கஞ்சி வேளைக்கு முன்னால் யாரும் கேட்டைத் தாண்டக்கூடாது. பெரிய சண்டை வரும் என்று நினைத்தேன். ஒருவரும் முணுமுணுக்கக்கூட இல்லை. பீடி இல்லாவிட்டால் கை நடுங்குகிற கொத்தனார்கள் சாதுவாக மேலே ஏறிப் போனார்கள். எனக்கு அதுதான் உறுத்தியது. என் வீட்டுக்காரர் மேலிருந்து இறங்கி வரும்போது வாயில் பீடி வாடை அடித்தது. எங்கே பிடித்தாய் என்று கேட்டால், நேற்றுப் பிடித்ததன் வாடை என்பார். ஓவர்சியரிடம் சொன்னால் முதலில் அவரைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கேட் மேற்கே, தெருப் பக்கம். காலையில் தரைக்காற்று அடிக்கிறவரை கட்டடத்து வாடை கடலுக்குப் போய்விடும். அன்று கடல்காற்று வழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் திரும்பியது. சுண்ணாம்புத் தூசியோடு வேறொரு வாடையும் வந்தது. எனக்குத் தெரிந்த வாடை, நார்க் கயிறு கருகுகிற வாடை. பொட்டிக்கடைப் பக்கம் பார்த்தேன். கடை அன்று சாத்தியிருந்தது.

அப்படியென்றால் கயிறு உள்ளேதான் எரிகிறது. நிமிர்ந்து சாரத்தைப் பார்த்தேன். எத்தனை கழி, எத்தனை கட்டு, ஒவ்வொரு கட்டிலும் கயிறு. எதில் என்று தேடுவது? மேல் தட்டுப் பலகையில் கொத்தனார்கள் வரிசையாக நின்று பூசிக்கொண்டிருந்தார்கள். சித்தாள்கள் சரிவுப் பலகையில் சாந்துச் சட்டியோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மேலே, வெறுங்கழியில் காலைப் பின்னிக்கொண்டு என் வீட்டுக்காரர்.

கத்தியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அதற்கு முன்பு வேறொரு கட்டடத்தில், சாரத்தில் பாம்பு என்று யாரோ கத்தினதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் ஒரே பக்கமாக ஓடி வந்தார்கள், பாரம் தாங்காமல் சாரம் சாய்ந்தது. பாம்பு கடித்து ஒருவரும் சாகவில்லை. விழுந்துதான் செத்தார்கள். ஓவர்சியரிடம் சொன்னால் அவர் அபாய மணியை அடிப்பார், அதுவும் அதே கதிதான். தண்ணீர் கொடுக்கிற பெண்ணிடமிருந்து குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் நான் கொடுக்கிறேன், நீ உட்கார் என்றேன். என் குரலே எனக்கு வேற்றாள் குரலாகக் கேட்டது.

சரிவுப் பலகையில் நான் அதுவரை ஏறினதே இல்லை. கால் ஒவ்வொரு சட்டத்திலும் தட்டியது. மாதாவே மாதாவே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, எதிரே வந்தவர்களிடம் பல்லைக் காட்டிக்கொண்டு, மூக்கு இழுத்த வழியில் போனேன். கீழே நிற்கிறவர் கண்ணில் படாதபடி, சுவர்ப் பக்கமாக, மேல் தட்டுப் பலகையைத் தாங்குகிற குறுக்குக்கழியில் அது இருந்தது. பொட்டிக்கடையில் தொங்குகிற மாதிரியே ஒரு துண்டுக் கயிற்றைக் கழி முடிச்சிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். துண்டு எரிந்து தீர்ந்தும் யாரும் மாற்றவில்லை. கடல்காற்று விசிற, நெருப்பு மேலேறிக் கட்டுக்குள் புகுந்துவிட்டது. முடிச்சு கறுத்து, நடுவில் சிவப்பாகக் கண் திறந்து மூடியது. அந்தக் கழியின் மேல் போட்ட பலகையில்தான் அத்தனை பேரும் நின்றார்கள்.

வீட்டுக்காரரை எப்படி அழைத்தேன் என்று நினைவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன் போலிருக்கிறது. என் முகத்தைப் பார்த்ததும் இறங்கி வந்துவிட்டார்.

"மூஞ்ச மாத்தாம கேளுய்யா. பலகைக்குக் கீய கட்டு எரிஞ்சிகினு கீது" என்றேன்.

குனிந்து பார்த்தார். அவர் முகம் வெளிறினதை அன்றுதான் முதலில் கண்டேன். நான் குடத்தைச் சாய்க்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப ஊத்தாதமே. பொகை கெளம்பினா அல்லாரும் ஓடுவாங்கோ. மொதல்ல ஆளுங்கள எறக்கு."

சொல்லிவிட்டுத் தட்டுக்கு அடியில் இறங்கி, நட்ட கழியைக் காலால் பின்னிக்கொண்டு, குறுக்குக்கழிக்குக் கீழே தோளைக் கொடுத்தார். கட்டு விட்டால் பாரம் முழுக்க அவர் தோளில்தான் வரும். அவருக்குக் கீழே தரை வரைக்கும் ஒன்றுமில்லை.

ஆட்களை இறக்கு என்றால் எப்படி இறக்குவது? கஞ்சி என்று சொன்னால் ஓடுவார்கள். கூலி என்று சொன்னால் இன்னும் வேகமாக ஓடுவார்கள். ஓடவே கூடாது. அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. யாருமே அவசரப்பட்டு வராத இடம் ஒன்று அந்த டிப்போவில் உண்டு, அது என் முன்னால்தான்.

மடி சோதனை மறுபடியும் நடக்கப் போகிறது, ஓவர்சியர் உத்தரவு, ஒவ்வொருவராகக் கேட்டுக்கு வாருங்கள் என்று சொன்னேன். என்ன திட்டு! கொத்தனார் ஒருவர் பூச்சுக் கரணையை வேண்டுமென்றே நிதானமாகத் துடைத்தார். பீடி வைத்திருந்தவர்கள் அதை எங்கே ஒளிப்பது என்று தயங்கித் தயங்கி நடந்தார்கள். கொண்டைக்காரக் கிழவி என்னைத் தாண்டும்போது நின்று, ஆதியிலிருந்து ஆரம்பித்தாள். "உனுக்குன்னு ஒரு நாளு வரும்டி" என்றாள். வரட்டும், நீ இறங்கு தாயே என்று மனசுக்குள் கும்பிட்டேன். அவள் கால் எடுத்து வைக்கும்போதெல்லாம் பலகை அமுங்கியது. அமுங்கினபோதெல்லாம் கீழே அவர் மூச்சு விடுவது கேட்டது.

கடைசி ஆள் சரிவுப் பலகையில் கால் வைத்ததும் மண்டி போட்டு, பலகைச் சந்து வழியாகக் குடத்தைச் சாய்த்தேன். சுரீரென்று புகை எழுந்தது. அடுத்த நொடி கயிறு அற்றுக் கழி சரிந்தது. அவர் தோளில் விழுந்து நின்றது. மேலே என்னைத் தவிர ஆள் இல்லாததால் தாங்கினார். தலையில் கட்டியிருந்த துணியை ஒரு கையால் உருவி, பல்லால் பிடித்து, கழியைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு மெல்ல நகர்ந்தார். நான் இறங்கினதும் அவர் இறங்கினதும் அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது.

தரையில் நின்றதும் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்தியது. யார் வைத்த நெருப்பு என்று கேட்டேன்.

"மொத நாளு ஒரு குச்சிய ஒளிச்சி எட்தாந்து நான்தான் வெச்சேன்" என்றார். "அப்பால ஆரு பீடி பத்த வெச்சாலும், கயித்த இன்னொருத்தன் பாத்துக்குவான்னு பூட்டாங்கோ. நானும் அப்டித்தான் பூட்டேன்."

நன்றாகத் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் ஓவர்சியர் வந்துவிட்டார். ஆட்கள் எல்லாம் ஏன் கேட்டில் நிற்கிறார்கள் என்று கேட்டார். ஒரு முடிச்சில் கயிறு இற்றுப்போய்விட்டது, மாற்றிக் கட்டாமல் யாரும் ஏறக்கூடாது என்று இவர் சொன்னார். ஓவர்சியர் என் நனைந்த புடவையைப் பார்த்தார், மேலே பார்த்தார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாற்றிக் கட்டு, வேலை நிற்கக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் புதுக் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடி ஏறத் தொடங்கினார். வேறு யார் ஏறுவார்கள்? தலைத்துணி ஒன்று தாங்கிக்கொண்டிருக்கிற தட்டுக்கு அவர்தான் போக வேண்டும். கழி வழியாகவே போனார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. எனக்கு வேறொன்றும் செய்யத் தோன்றாமல், அவர் ஏறின கழியின் அடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நான் பிடித்துத்தானா அது நிற்கப் போகிறது? ஆனாலும் விட மனசு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன்.

மேலேயிருந்து அவர் குரல் வந்தது.

"கைய எடுமே. கயி ஆடுது."

கையை எடுத்தேன். கழி ஆடாமல் நின்றது.