கொய்யா மரம் வரைக்கும்

ஜோனாகி டாயேக்குக் கவலைப்படுவது சோறு தின்கிற மாதிரி, வேளை தவறாது. சுபன்சிரி ஆறு கரையை அரித்துக்கொண்டே வந்து, மூங்கில் கால்களில் நிற்கும் அவள் வீட்டுக்கு முன்னால் இப்போது ஒரே ஒரு கொய்யா மரம்தான் மிச்சம். அக்கம்பக்கத்தார் வீடுகளைப் பிரித்து மேட்டில் கட்டிக்கொண்டார்கள். இவளுக்கு மனசு வரவில்லை. "மரம் விழட்டும், பாக்கலாம்" என்று வீம்பு. உள்ளுக்குள் கழுத்துவரை பயம்!

அன்றைக்கும் அந்தப் பயத்தோடுதான் பாடம் நடத்தக் காலேஜுக்குப் போனாள். மிசிங், தேவுரி, போடோ, நேபாளி என்று அந்தப் பக்கத்து ஜனங்களின் பாட்டும் கதையும்தான் அவள் பாடம். எதை எடுத்தாலும் அதில் ஆறு எங்கே, காடு எங்கே, மீன் எங்கே என்று பிள்ளைகளைத் தேடவைப்பாள்.

"எல்லாப் பாட்டுலயும் ஆறு நமக்குத் தாய்" என்றாள். கண் ஜன்னலுக்கு வெளியே மழைமேல் இருந்தது.

பின்பெஞ்சிலிருந்து கிரோத் தேவுரி எழுந்தான். அங்கே டீச்சரும் அக்காதான். "உங்க தாயை நீங்களே வச்சுக்குங்க அக்கா. எங்க வீட்டை மூணு தடவை தின்னுட்டா. எங்க ஊர்ல அவ பேரு திருடி."

வகுப்பே சிரித்தது. அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. அவன் சொன்னது பொய்யென்றால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"வெளிய போடா!"

போனான். அப்புறம் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பையனைத் துரத்திய உறுத்தல் ஒரு பக்கம், விடாத மழை ஒரு பக்கம். கடைசி மணி அடித்ததும் குடையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

கொய்யா மரத்தைக் காணோம். அது நின்ற இடத்தில் கலங்கல் தண்ணீர் சுழித்தது. ஐயோ, வீட்டையும் காணோம்! மூங்கில் கால்களும் ஒற்றை உத்தரமும்தான் நின்றன. அப்படியே உட்காரப் போனவள் அப்புறம்தான் பார்த்தாள். கூரை, தட்டி, தறி, பானை எல்லாம் மேட்டுச் சாலையில் அடுக்கிக் கிடந்தன. கீழே அக்கம்பக்கத்தார் கைகொடுக்க, கடைசி உத்தரத்தில் உட்கார்ந்து கிரோத் கட்டுகளை அறுத்துக்கொண்டிருந்தான்.

"துரத்தினீங்கல்ல, இந்த வழியாத்தான் போனேன். மரம் சாஞ்சுட்டிருந்துச்சு. ஊரைக் கூப்பிட்டேன். பூட்டை உடைச்சுட்டோம், கோவிச்சுக்காதீங்க அக்கா."

அவள் ஆற்றுப் பக்கம் திரும்பினாள். வாய்க்கு வந்தபடி திட்டினாள். "திருட்டுச் சிறுக்கி! அது என்ன வயிறா, பாழுங்கிணறா? நல்லா இருப்பியாடி நீ?"

மேலேயிருந்து கிரோத் குரல் கொடுத்தான். "அக்கா, அம்மாவைப் போய் இப்படித் திட்டலாமா?"

அழுகையும் சிரிப்புமாக அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாவைத்தாண்டா இப்படித் திட்ட முடியும். இறங்கி வா சாமி, விழுந்து தொலைக்கப்போற."